அரைக் கிலோ புல், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை

கேரளத்தில் ரேஸ் மைதானம் கிடையாது. ரேஸ் குதிரைகள் மட்டும் உண்டு. பெங்களூர், மைசூர், கிண்டி, ஊட்டி என்று எங்கெங்கோ ஓடி முடித்தவை புரோக்கர் கை மாறி மாறி மலை இறங்கி வருகின்றன. சில குதிரையேற்றப் பள்ளிக்குப் போகும், சில கல்யாண ஊர்வலத்துக்கு, சில கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்க. சில வெறும் ஆசைக்கு. வாங்குகிற அன்று யாரும் தீவனக் கணக்குப் போடுவதில்லை. பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனக் குதிரை 2 வயதில் ஓடத் தொடங்கும். 7, 8 வயதுக்குள் பெரும்பாலும் ஓட்டம் முடிந்துவிடும். ஆயுளோ 25 வருடம், அதற்கு மேலும் போகும். சம்பாதித்தது ஐந்தாறு வருடம், இன்னும் சாப்பிட வேண்டியது பதினெட்டு வருடம். 2024-ல் தமிழக அரசு கிண்டி மைதானத்தின் 160.86 ஏக்கர் குத்தகையை ரத்து செய்தது, ஊட்டி மைதானத்தையும் எடுத்துக்கொண்டது. நிலத்தைப் பற்றி நடந்த வாதத்தில் பாதிகூட அங்கே ஓடிய குதிரைகளைப் பற்றி நடக்கவில்லை.

கொச்சியின் மட்டாஞ்சேரியை எடுத்துக்கொள்வோம். மிளகும் சுக்கும் அடுக்கிய பழைய கிடங்குகள், இரண்டு கைவண்டி எதிரெதிரே வந்தால் திணறும் சந்துகள், மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீர். மேய்வதற்கு ஒரு சென்ட் புல்தரை இல்லை. இப்படி ஓரிடத்தில், கிடங்கின் பின்வாசலில், விலா எலும்பு எண்ணும்படியாக ஒரு குதிரை கட்டிக் கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வருகிறது என்று வையுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். வரிசை தப்பினால் குதிரை போய்விடும். பட்டினி கொல்லாமல் விட்ட குதிரையை, பாவம் பார்த்து ஒரே வேளையில் கொட்டிய தீனி கொன்றுவிடும்.

ஆகவே முதல் வேலை, சுற்றி நிற்பவர்களின் கையைத் தடுப்பது. ஒருவர் கஞ்சி கொண்டுவருவார், ஒருவர் வாழைப்பழம், ஒருவர் ஊறவைத்த கொள்ளு. பக்கத்து வீட்டுப் பசுவின் தீவன மூட்டையையும் யாராவது பிரித்துவிடுவார்கள். எதுவும் வேண்டாம். மாட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம். மாட்டுக்கு நல்லது, குதிரையின் இதயத் தசைக்கு விஷம். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்று பழமொழி கேலி செய்கிற பிராணிதான். பட்டினிக் குதிரை வாயைத் திறந்தாலும் கொள்ளு போடக் கூடாது. தண்ணீர் கொடுக்கலாம், வாளி வாளியாக அல்ல, பாதி வாளி, சற்று நேரம் கழித்து மறுபடி.

அடுத்தது காகிதம். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். கயிற்றை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போவதுதான் மீட்பு என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. அப்படிச் செய்தால் மறுநாள் உங்கள் மேல் திருட்டுப் புகார். தேதியோடு படம், வீடியோ எடுங்கள்: இரண்டு பக்கவாட்டிலும், பின்னாலிருந்தும், நாலு குளம்பும், தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் உள்பக்கமும். போலீஸிலும் மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கத்திலும் புகார் எழுதிக் கொடுங்கள். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, உணவும் நீரும் இடமும் கொடுக்காமல் விடுவதையும் கைவிடுவதையும் குற்றமாக்குகிறது. தண்டனையைக் கேட்டால் சிரிப்பு வரும்: முதல் தடவை என்றால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். அறுபது வருடத்துக்கு முன் அது காசு. இன்று ஒரு கட்டுப் புல் வாங்கக் காணாது.

அதனால் சட்டத்தை முன்னால் நிறுத்தி, பேச்சில் காரியத்தை முடிப்பதே புத்திசாலித்தனம். உரிமையாளர் பெரும்பாலும் கொடியவராக இருக்கமாட்டார். இருபது வயதுப் பையன், கடன் வாங்கி வாங்கியிருப்பான், மூன்றாம் மாதம் தீவனச் செலவில் கழுத்து நெரிந்திருக்கும். விட்டுக்கொடுக்கிறேன் என்று முத்திரைத்தாளில் அவன் கையெழுத்து, இரண்டு சாட்சி. காசு கொடுத்து வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த குதிரைக்கு முன்பணமாகப் போகும். அவன் மசியவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போய்க் குதிரையைப் பராமரிப்பில் விடும்படி உத்தரவு கேட்க வேண்டும். அதற்கு நாளாகும் என்பதால்தான் பேச்சு.

காகிதம் நடக்கும்போதே மருத்துவர் வந்துவிட வேண்டும். குதிரை பார்த்த கைகள் கொச்சியில் குறைவு. அரசு மிருக ஆஸ்பத்திரி மருத்துவர் மண்ணுத்தியில் உள்ள கால்நடைக் கல்லூரியோடு போனில் பேசிக்கொண்டு பார்த்தால் அதுவே பெரிய காரியம். வெப்பநிலை 37.5-லிருந்து 38.5 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 28-லிருந்து 44, மூச்சு 8-லிருந்து 16 என்றால் நிம்மதி. ஈற்றை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். எடைமேடை இருக்காது, தையல் டேப் போதும். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்து முனை வரையிலான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் ஏறக்குறைய 323 கிலோ. வளர்ந்த தரோபிரெட் 450-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். டெக்சாஸில் 1983-ல் ஹென்னெகி என்பவர் வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணும் போட்டு வையுங்கள். 1 என்றால் எலும்பும் தோலும்; வழக்கு நடந்தால் 'ரொம்ப மெலிவு' என்று எழுதுவதைவிட அந்த எண் பேசும்.

கழுத்தின் பக்கம் மைக்ரோசிப் படிக்கும் கருவியை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவான தரோபிரெட் என்றால் புணேயில் இருக்கும் ஸ்டட் புக் அத்தாரிட்டியின் ஏட்டில் அதன் பெயர், பிறந்த வருடம், தாய் தகப்பன் எல்லாம் இருக்கும். 'வயது பதினெட்டு' என்று சொல்லி விற்ற குதிரைக்கு ஒன்பது வயதுதான் என்று தெரிந்தால் வைத்தியத்தின் போக்கே மாறும்.

ரத்தம் எடுக்காமல் இந்தக் குதிரையை வேறு குதிரைகள் நிற்கும் லாயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கிளாண்டர்ஸ் என்றொரு நோய் உண்டு. மூக்கிலிருந்து சளி, தோலில் கட்டி, மெலிவு, மனிதருக்கும் தொற்றும். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் சோதித்துச் சொல்லும். இருப்பது உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர சட்டம் வேறு வழி வைக்கவில்லை. 2025-ல் ஹைதராபாத்திலிருந்து ஜபல்பூருக்கு 50-க்கும் மேற்பட்ட குதிரைகள் லாரிகளில் கொண்டுபோகப்பட்டு, போய்ச் சேர்ந்தபின் அடுத்தடுத்து இறந்தபோது, அதிகாரிகள் முதலில் செய்ததும் ஹிசாருக்கு ரத்தம் அனுப்பியதுதான். முடிவு வரும்வரை தனி இடம், தனி வாளி, கையுறை. அதே ரத்தத்தில் சர்ரா இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டு ஈக்கள் பரப்பும் அந்த ஒட்டுண்ணி, தின்னத் தின்னக் குதிரையை உருக்கும். 'தீனி போட்டேன் சார், உடம்பு ஏறவில்லை' என்று அந்தப் பையன் சொன்னது சில சமயம் நிஜமாகவே இருக்கும். டெட்டனஸ் ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. குதிரையைப் போல டெட்டனஸுக்குச் சுலபமாகப் பலியாகும் வீட்டு விலங்கு வேறில்லை, கிடங்கு முற்றத்திலோ துருப்பிடித்த ஆணிக்குப் பஞ்சமில்லை.

தானாக நிற்கிற குதிரையை மட்டும் வண்டியேற்றலாம். பஜார் ரோட்டில் சரக்கு லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன், விடியற்காலையில், மெதுவாகச் சந்திலிருந்து நடத்திக்கொண்டு வாருங்கள். சின்ன டெம்போ போதாது. பக்கப் பலகை உயர்ந்த லாரி, தரையில் மணலும் வைக்கோலும், கூடவே நிற்க ஒரு ஆள். அங்கமாலி, பெரும்பாவூர் பக்கம் கொஞ்சம் மேடான, தண்ணீர் தேங்காத தோட்டம் கிடைத்தால் நல்லது. படுத்துவிட்ட குதிரையை இழுத்து ஏற்றாதீர்கள். அதே இடத்தில் அடர்த்தியாக வைக்கோல் பரப்பி, நாலைந்து பேர் சேர்ந்து சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் புரட்டி, எழ உதவ வேண்டும். மூன்று நாள் முயன்றும் எழவில்லை என்றால் பிழைப்பது மிக அரிது.

அந்த இடத்தில் கருணைக்கொலை பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டிவரும். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவம் எகிப்தில் விற்றுவிட்டுப் போன குதிரைகள், பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் கெய்ரோ தெருக்களில் வண்டி இழுத்துக்கொண்டிருந்தன. 1930-ல் கணவரோடு அங்கே போன டோரதி புரூக் என்ற பெண்மணி அவற்றைத் தேடித் தேடி விலைக்கு வாங்கினார். மூன்று நாலு வருடத்தில் சுமார் 5,000 குதிரைகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவரால் கொடுக்க முடிந்தது சில நாள் நிழல், நல்ல தீனி, வலியில்லாத சாவு. 1934-ல் அவர் தொடங்கிய ஆஸ்பத்திரியிலிருந்து வளர்ந்த புரூக் அமைப்பு இன்று இந்தியாவிலும் வேலை செய்கிறது. மீட்பு என்றால் எப்படியாவது உயிரோடு வைத்திருப்பது என்று அந்த அம்மாள் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. மருத்துவர் போதும் என்றால் போதும்.

நிற்கிற குதிரைக்கு வருவோம். எல்லாமே முதல் பத்து நாளில் இருக்கிறது.

நீண்ட பட்டினியில் உடம்பு கொழுப்பைக் கரைத்து, பிறகு தசையைக் கரைத்து ஓடிக்கொண்டிருக்கும். அப்போது திடீரென்று அரிசியோ சோளமோ உள்ளே போனால் சர்க்கரை ஏறும், இன்சுலின் பாயும், அதோடு ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்படும். ரத்தத்தில் அவை தரைமட்டமானால் இதயமும் மூச்சும் தசையும் நிற்கும். இது முதல் நாளே நடப்பதில்லை. மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கும். 'நேற்று நல்லாத்தானே தின்னுச்சு' என்று அழுவது இதனால்தான். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோலின் ஸ்டல் குழுவினர் பட்டினிக் குதிரைகளுக்கு வெவ்வேறு தீனி கொடுத்துப் பார்த்து ஒரு முறையைச் சொன்னார்கள். அதில் ஜெயித்தது தானியமோ எண்ணெயோ அல்ல, குதிரைமசால் என்ற தீவனப் பயிர். புரதம் அதிகம், மாவுச்சத்து குறைவு, பாஸ்பரஸும் மக்னீசியமும் அதிலேயே இருக்கின்றன.

கணக்கு இது. முதல் மூன்று நாள், காய்ந்த குதிரைமசால் அரைக் கிலோ, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு ஆறு வேளை. மொத்தம் மூன்று கிலோ. நாலாம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வேளையைக் குறைக்கலாம். ஆறாம் நாள் வாக்கில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கிலோ அளவில் வரும். பத்தாம் நாளுக்குப் பிறகு காலை மாலை இரண்டு வேளை, தின்கிற மட்டும். பச்சையாகக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வருவதைக் கொடுத்தால் நாலு மடங்கு எடை போட வேண்டும், முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். ஓர் உப்புக்கட்டியும் சுத்தமான நீரும் எப்போதும் இருக்கட்டும்.

குதிரை இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளாது. அரைக் கிலோவைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தரையை நக்கும், தொட்டியை உதைக்கும், உங்களைப் பார்த்துக் கனைக்கும். மனம் இளகக் கூடாது. ஆறு வேளை என்றால் அதில் ஒன்று ராத்திரி இரண்டு மணி வேளை. காலை பத்து மணிக்குப் போட்டோ எடுத்துக்கொள்ள வரும் தொண்டர்கள் ஏராளம்; இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழும் ஆள் ஒருவர் கிடைத்தால் அவரைக் கோவில் கட்டிக் கும்பிடலாம். அவர் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும்: சாணத்தைப் பார்ப்பது. உருண்டை உருண்டையாக, தரையில் விழுந்ததும் உடைகிற பதத்தில் இருந்தால் குடல் ஓடுகிறது. மேலே சளிப்படலம் மினுங்கினாலோ, பல மணி நேரம் போடாமலே இருந்தாலோ, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தாலோ உடனே மருத்துவர். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வயிற்றில் எது சிக்கினாலும் அது உயிர்ப் பிரச்சினை.

வைக்கோலைப் படுக்கையாகப் போடுங்கள், தீனியாக நம்பாதீர்கள். மழையில் பூஞ்சை பிடித்த வைக்கோலைப் படுக்கைக்கும் சேர்க்காதீர்கள், இருமல் வந்துவிடும். பிறகு எல்லோரும் சுலபமாகப் போவது நேப்பியர் புல்லுக்கும் தவிட்டுக்கும்தான். நேப்பியரில் இருக்கும் ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவைத்துவிடும். தவிட்டில் பாஸ்பரஸ் கூடுதல். இரண்டையும் மாதக்கணக்கில் போட்டால் உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவும், முக எலும்பு புடைக்கும், நொண்டும். மாட்டுக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் குதிரைக்கு ஒத்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில்தான் நம் ஊரில் பாதிக் குதிரைகள் கெடுகின்றன.

அடுத்து கால். இரண்டாம் வாரம் லாடக்காரரைத் தேடுங்கள், கொச்சியில் கிடைப்பது அபூர்வம், பெங்களூரிலிருந்தோ கோவையிலிருந்தோ வரவழைக்க வேண்டியிருக்கும். இது புதுக் குறையும் அல்ல. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் வருடத்துக்கு 2,000-க்கு மேல் குதிரை வாங்குகிறார், வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். வேகவைத்த சோறும் இறைச்சியும் போட்டார்களாம், கால் பார்க்க ஆள் இல்லையாம். குதிரை விற்க வந்த கடல் வணிகர்கள் வேண்டுமென்றே லாடக்காரர்களை வரவிடாமல் வைத்திருந்தார்கள், செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம் என்றும் சொல்கிறார். அவர் சொன்ன கணக்கில் மிகை இருக்கலாம். காரணம் எனக்கு நம்பும்படியாகவே இருக்கிறது.

குளம்பைத் தூக்கிப் பாருங்கள். அடியில் முக்கோணமாக ரப்பர் போல ஒரு பகுதி இருக்கும். ஈரத்தில் நின்ற குதிரைக்கு அதன் இரு பக்கப் பள்ளத்தில் கறுப்பாகப் பிசுபிசுப்பு. நாற்றம் உங்கள் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். கொக்கியால் சுரண்டி, கழுவி, உலரவிட்டு, மருத்துவர் சொல்லும் அயோடினோ மயில்துத்தக் கரைசலோ தடவ வேண்டும், தினமும். அழுகலை ஆற்றுவது மருந்தைவிட உலர்ந்த தரை. முன்பக்கம் செருப்பு மூக்கு மாதிரி நீண்டு வளைந்த குளம்பை ஒரே தடவையில் வெட்டி அழகாக்கச் சொல்லாதீர்கள். நீண்ட நாள் அந்தக் கோணத்தில் நின்ற தசைநாண் அதைத் தாங்காது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. மேலே முளைக்கும் நல்ல குளம்பு தரையைத் தொட ஏறக்குறைய ஒரு வருடம். பட்டினிக் காலம் குளம்பில் ஒரு வளையமாகப் பதிந்து, மாதம் மாதம் கீழே இறங்கிக்கொண்டே வரும்.

குடற்புழு மருந்தும் பல் ராவுவதும் உடம்பு சற்றுத் தேறிய பிறகு. நிறையப் புழு உள்ள மெலிந்த குதிரைக்கு முதல் நாளே மருந்து கொடுத்தால் செத்த புழுக்களே குடலை அடைத்துவிடும்.

கொச்சிக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு, வியர்வை. குதிரை நம்மைப் போல வியர்த்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. ஈரப்பதம் மிகுந்த வெப்பநாட்டில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுவிடும். பிரிட்டனிலிருந்து காலனி நாடுகளுக்குக் கொண்டுவந்த பந்தயக் குதிரைகளிலும் போலோ குதிரைகளிலும்தான் வெள்ளைக்கார மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். ஏப்ரல் மத்தியானத்தில் தோல் காய்ந்திருக்க, மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு வாங்கினால் சந்தேகப்படுங்கள். பகலில் நிழல், மின்விசிறி, தண்ணீர் பீய்ச்சல். வெளியே விடுவது ராத்திரியில். ஜூன் பிறந்தால் கவலை மாறும்: முதுகில் முடியோடு பக்கு பக்காகப் பெயரும் மழைப்புண். அதற்கு உலர்ந்த கூரையும் மருத்துவர் தரும் கிருமிநாசினிக் குளியலும். எண்ணெய் தடவுவது நம் கைக்கு வந்த பழக்கம், இங்கே அது ஈரத்தைப் பூட்டிவைக்கும்.

இரண்டு வாரத்தில் கண் தெளியும், காது அசையும். உடம்பு பழைய நிலைக்கு வர நாலைந்து மாதம், சிலதுக்கு இன்னும் கூடுதல். அதுவரை முதுகில் யாரும் ஏறக் கூடாது, குழந்தைகூட.

உடம்பு தேறியதும் வெளிப்படுவது ரேஸ் குதிரையின் புத்தி. பந்தய லாயத்தில் நாளின் பெரும்பகுதி தனி அறையில் அடைபட்டு, காலையில் கொஞ்ச நேரம் அசுர வேகத்தில் ஓடி வளர்ந்தது அது. மரத்தைப் பல்லால் பிடித்துக் காற்றை விழுங்கும், நின்ற இடத்தில் இடமும் வலமும் ஆடும். ஜாக்கியை நடந்துகொண்டிருக்கும்போதே மேலே தூக்கிவிடுவார்கள் என்பதால், ஏறும்போது நிற்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. முக்கியமாக, கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் அதில் சாய்ந்துகொண்டு ஓடத்தான் பழகியிருக்கிறது. பயந்துபோன புது ஆள் 'நில்' என்று இழுப்பது அதன் காதுக்கு 'போ' என்று விழும். ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே இது நடந்தால் என்னாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தரையிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் இன்னொரு பிராணியின் துணை, ஆடு போதும். பிறகு நீளக் கயிற்றில் வட்டமாக நடை, குரலுக்கு நிற்பது, ஏற்றப் படிக்கட்டின் பக்கத்தில் சும்மா நிற்பது. அதன் பிறகுதான் எடை குறைந்த, கை மெத்தென்ற ஒருவர் ஏறி வெறும் நடை. முன்காலின் பின்புறத் தசைநாண் வில் போலப் புடைத்திருந்தால் ஏறுவதையே மறந்துவிட்டு மேயவிடுங்கள். பழைய ஓட்டத்தின் காயம் அது.

கடைசியில் குதிரை எங்கே போகும்? பிரிட்டனில் 2000-த்திலிருந்து ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கென்றே பந்தயத் தொழில் நடத்தும் அமைப்பு உண்டு. அமெரிக்காவில் இப்படி ஏதாவது வேண்டும் என்று குரல் எழ ஒரு காரணம் ஃபெர்டினாண்ட்: 1986-ல் கென்டக்கி டெர்பி ஜெயித்த குதிரை, ஜப்பானுக்கு விற்கப்பட்டு 2002 வாக்கில் கசாப்புக்குப் போனது. நமக்குப் பக்கத்தில், மசினகுடி அருகே மாவனல்லாவில் ஐபான் அமைப்பின் புகலிடம் இருக்கிறது. இடம் எங்கும் குறைவு என்பதால் கேட்காமல் வண்டியேற்றாதீர்கள். இன்னொருவருக்கு வளர்க்கக் கொடுப்பதானால் அவர் தோட்டத்தை ஒரு மழைநாளில் போய்ப் பாருங்கள், ஒரு வருடத் தீவனத்துக்கு அவரிடம் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். விற்கவோ கைமாற்றவோ கூடாது, முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளில் இரண்டு பேரின் கையெழுத்தோடு மைக்ரோசிப் எண்ணும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் குதிரையைக் கொடுத்தீர்கள் என்று பிறகு நிரூபிக்க முடியாது.